வாழ்த்து அட்டையில் நீர்வண்ணப் பூக்கள்: தாள் தேர்விலிருந்து தபால் உறை வரை

நீர்வண்ணத்தில் பூ வரைவதற்கு இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று தாவரவியல் ஓவியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட்டுக்காக ரங்கையாவும் கோவிந்துவும் தீட்டிய செடிகொடிப் படங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை; செடியை அடையாளம் காண்பதற்கு வேண்டிய எந்த உறுப்பும் அவற்றில் விடுபட்டிருக்காது. மற்றது, பூவின் போக்கையும் நிறத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு, எஞ்சிய வேலையை நீரிடம் ஒப்படைக்கும் உணர்வோவியம். உள்ளங்கையளவே உள்ள வாழ்த்து அட்டைக்கு இந்த இரண்டாவது வழியே பொருத்தமானது. சின்னஞ்சிறு பரப்பில் எல்லா விவரங்களையும் திணித்தால் பூ இறுகிப் போய்விடும். நான்கைந்து துணிவான வீச்சுகளில் முடிந்த பூ உயிரோடு தெரியும்.

அலட்சியமாகத் தீட்டியதுபோல் தோன்றும் இப்பூக்களுக்குப் பின்னால் கறாரான ஒரு கணக்கு இருக்கிறது. தாள் எந்த அளவு ஈரமாக இருக்கும்போது எந்த அளவு நீர் கலந்த வண்ணத்தை வைக்கிறோம் என்பதே அக்கணக்கு. கோடு போடத் தெரியாதவர்கள்கூட இதைக் கற்றுக்கொண்டால் நல்ல அட்டைகளைச் செய்துவிட முடியும் என்பதால், இவ்வழிகாட்டியில் பென்சில் வேலையைவிட ஈரத்தைப் பற்றியே அதிகம் பேசப்படும்.

தாள்

300 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, சற்றுச் சொரசொரப்பான கோல்ட் பிரஸ் தாளை வாங்குங்கள். 200 ஜிஎஸ்எம் தாள் நீர் பட்டதும் நெளிந்து, பள்ளமான இடங்களில் வண்ணம் தேங்கும். ஹாட் பிரஸ் தாள் வழவழப்பானது. நுண்கோட்டுச் சித்திரங்களுக்கு நல்லது என்றாலும், அதில் நீர் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. முழுக்கப் பருத்தி இழையால் ஆன தாள் ஈரத்தை நெடுநேரம் தாங்கி, வண்ணங்கள் ஒன்றோடொன்று மெல்லக் கலக்க இடம் தருகிறது. மரக்கூழ்த் தாள் சீக்கிரம் உலர்ந்து, விளிம்புகளில் கறைபோன்ற கோடுகளை விட்டுச் செல்கிறது. பருத்தித் தாளின் விலை அதிகம்தான். ஆனால் சிக்கனம் பிடிக்க வேண்டுமென்றால் வண்ணங்களின் எண்ணிக்கையில் பிடியுங்கள், தாளில் வேண்டாம். மரக்கூழ்த் தாளைத் தூரிகை வீச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

புதுச்சேரியில் செய்யப்படும் கைத்தாள்களைப் போன்றவை, பிசிறு விட்ட ஓரங்களோடு வாழ்த்து அட்டைக்கென்றே பிறந்தவைபோல் இருக்கும். ஆனால் எல்லாக் கைத்தாளும் நீர்வண்ணத்தைத் தாங்குவதில்லை. பசையூட்டம் குறைந்த தாள் மையொற்றுத் தாளைப்போல வண்ணத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாங்கும்போது ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்: சொட்டு ஒரு நிமிடமாவது முத்தாக நின்றால் அதில் நேரடியாகத் தீட்டலாம், உடனே உறிஞ்சப்பட்டால், அதை அடியட்டையாக மடித்துக்கொண்டு, வேறு நீர்வண்ணத் தாளில் தீட்டிய ஓவியத்தை வெட்டி அதன்மேல் ஒட்டுவதே சரி.

ஏ4 தாளை இரண்டாக வெட்டினால் 148 × 210 மில்லிமீட்டர் அளவில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 105 × 148 மில்லிமீட்டர் அட்டையாகிறது. இதற்குக் கடைகளில் கிடைக்கும் 114 × 162 மில்லிமீட்டர் உறை பொருந்தும். மடிப்பைத் தீட்டுவதற்கு முன்பே குறித்துவிட வேண்டும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால், இரும்பு ஸ்கேலை ஒட்டி ஒரே அழுத்தத்தில் கோடு இழுத்து, ஒருமுறை மடித்துப் பார்த்துவிட்டு மீண்டும் விரித்துக்கொள்ளுங்கள். வண்ணம் பூசிய பிறகு மடித்தால் மடிப்புக் கோட்டில் தாள் வெடித்து வெள்ளை தெரியும். விரித்த தாளை ஒரு பலகையில் நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். டேப்பை முதலில் உடுத்திய துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்துவிட்டால், பசையின் வேகம் குறைந்து, பின்னால் பிரிக்கும்போது தாளின் மேல்தோல் உரியாது.

வண்ணமும் தூரிகையும்

பன்னிரண்டு வண்ணப் பெட்டி தேவையில்லை. எலுமிச்சை மஞ்சள், குயினாக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரைன் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா ஆகிய ஐந்து டியூப்கள் இருந்தால் போதும். கடைக்குப் போகும்போது டியூபின் பின்புறத்திலுள்ள நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் குறியீடு மாறாது. ரோஸ் நிறத்துக்கு பிவி 19, அல்ட்ராமரைனுக்கு பிபி 29, தாலோ நீலத்துக்கு பிபி 15 என்று இருக்க வேண்டும். பிஆர் 83 என்ற குறியீடு கொண்ட அலிசரின் கிரிம்சனும், ஒளிரும் ஓப்பரா ரோஸும் டியூபில் மயக்கும் அழகு கொண்டவை. ஆனால் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அட்டையைப் பெற்றவர் அதைக் கண்ணாடி அலமாரியிலோ ஜன்னல் விளிம்பிலோ வைப்பார் என்பதை எண்ணி இவற்றைத் தவிர்த்துவிடலாம். கறுப்பு வேண்டவே வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் வரும் கருஞ்சாம்பல் பூக்களின் நிழலுக்குப் போதுமானது.

உருண்டைத் தூரிகைகளில் 8-ஆம் எண் ஒன்று, 4-ஆம் எண் ஒன்று, நீண்ட மெல்லிய முடி கொண்ட ரிக்கர் ஒன்று. செயற்கை இழைத் தூரிகையே போதும். நனைத்தபின் முனை கூர்மையாகச் சேர்கிறதா என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். வண்ணம் கழுவ ஒரு குவளை, தூய நீர் எடுக்க ஒரு குவளை, கலப்பதற்கு ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, ஈரம் ஒற்றப் பழைய பருத்தி வேட்டியில் கிழித்த துணி ஆகியவற்றோடு ஆயத்தம் முடிந்தது.

பதமும் ஈரமும்

தட்டில் கலக்கும் வண்ணத்தை மூன்று பதங்களாகப் பழகிக்கொள்ளுங்கள். தட்டைச் சாய்த்தால் தடையின்றி ஓடுவது நீர்மோர்ப் பதம். மெல்ல வழிந்து பின்னால் ஒரு படலத்தை விட்டுச் செல்வது பால் பதம். சாய்த்தாலும் அசையாமல் தூரிகையில் திரண்டு வருவது தயிர்ப் பதம். நீர்வண்ணம் உலர்ந்தபின் வெளிறும் என்பதால், ஈரத்தில் சற்று அதிகமாகத் தோன்றும் அடர்த்தியே சரியான அடர்த்தி.

தாளின் ஈரத்தையும் இதேபோல நிலை நிலையாகப் பார்க்க வேண்டும். நீர் பூசியதும் தாளின்மேல் குளம் கட்டி நிற்கும். இந்நிலையில் வைக்கும் வண்ணம் திசையற்று மிதக்கும், ஆகவே சற்றுப் பொறுக்க வேண்டும். சிறிது நேரத்தில் குளம் வற்றி, பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் சீரான பளபளப்பு மட்டும் தெரியும். பூக்களுக்கு உரிய பொன்னான நேரம் இது. வைத்த வண்ணம் மென்மையாகப் பரவி, உருவத்தையும் ஓரளவு காத்துக்கொள்ளும். அதன்பின் பளபளப்பு அடங்கி, தாள் மங்கலாகத் தெரியும். இந்த மங்கிய ஈரத்தில் நீர் மிகுந்த தூரிகையால் தொட்டால், புதிய நீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் போன்ற பற்கள் உள்ள கறையை உண்டாக்கும். கடைசி நிலை முழு உலர்வு. கண்ணுக்கு உலர்ந்ததுபோல் இருந்தாலும், புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

இவற்றிலிருந்து ஒரே ஒரு விதி கிடைக்கிறது: ஈரமான இடத்தில் இரண்டாவதாக வைக்கும் வண்ணம், தாளில் ஏற்கெனவே இருப்பதைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். நீர்மோரின் மேல் பால், பாலின் மேல் தயிர் என்றே ஏறிச் செல்ல வேண்டும். திரும்பி வரக் கூடாது. மே மாதப் பகலில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்தால் பளபளப்பு நிலை கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்பதால், தீட்டும்போது விசிறியை நிறுத்திவிடுவது நல்லது. ஐப்பசி அடைமழையிலோ இதற்கு நேர்மாறாக, ஓர் இதழ் உலரப் பொறுமையைச் சோதிக்கும் நேரம் ஆகும்.

செம்பருத்தி: ஈரத்தின் மேல் ஈரம்

முதல் பூவாகச் செம்பருத்தியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதன் இதழ்கள் அகன்றவை, ஐந்தே இதழ்கள், நிறத்தில் தயக்கமில்லாத பூ. அட்டையின் நடுவில் வைக்காமல், ஒரு பக்கமாகத் தள்ளி, பூவின் தொண்டைக்கு ஒரு சிறு வட்டத்தையும், அதிலிருந்து வெளியே நீளும் மகரந்தத் தண்டுக்கு ஒரு கோட்டையும், இதழ்களின் எல்லைக்கு ஐந்து வளைவுகளையும் அழுத்தமில்லாத பென்சிலால் குறித்தால் போதும். மகரந்தத் தண்டின் மேல், வண்ணம் படாமல் தாளைக் காத்து, பின்னர் உரித்தெடுக்கக்கூடிய திரவமான மாஸ்கிங் ஃப்ளூயிடைத் தடவி உலர விடுங்கள். இதற்குப் பழைய தூரிகையைச் சோப்பில் தோய்த்துவிட்டுப் பயன்படுத்தாவிட்டால் முடிகள் ஒட்டிப் பாழாகிவிடும்.

இனித் தூய நீரைத் தோய்த்த 8-ஆம் எண் தூரிகையால் இதழ்களின் வடிவத்தை நீராலேயே வரையுங்கள். பக்கத்துப் பக்கத்து இதழ்கள் இரண்டை ஒன்றாக நனைத்துவிட்டு, மற்ற இதழ்களுக்கு நடுவில் மட்டும் மயிரிழை அகலத்துக்கு உலர்ந்த தாளை விட்டுவையுங்கள். சேர்த்து நனைத்த இடத்தில் வண்ணம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் கரைந்து எல்லை மறைந்துபோகும். உலர்ந்த இடைவெளி உள்ள இடத்தில் எல்லை தெளிவாக நிற்கும். எல்லா இதழ்களுக்கும் ஒரே மாதிரி விளிம்பு கொடுத்தால் பூ அச்சுக் குத்தியதுபோல் ஆகிவிடும். மறைந்த விளிம்பும் தெளிந்த விளிம்பும் கலந்திருப்பதால்தான் அது அசைவதுபோல் தெரிகிறது.

பளபளப்பு நிலை வந்ததும், பால் பதத்திலுள்ள ரோஸ் நிறத்தில் துளி மஞ்சள் கலந்து, இதழ்களின் வெளி விளிம்பில் தொட்டு வையுங்கள். தேய்க்க வேண்டாம், வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். வண்ணம் உள்நோக்கி நகரும்போது இதழின் நடுப்பகுதியில் கொஞ்சம் வெளிறிய இடம் மிஞ்சட்டும், அங்கேதான் வெளிச்சம் விழுகிறது. உடனே, ரோஸுடன் சிறிது அல்ட்ராமரைனைத் தயிர்ப் பதத்தில் குழைத்து, தொண்டையிலிருந்து வெளிநோக்கி இதழுக்கு ஒரு தொடுகை வீதம் இறக்குங்கள். பலகையைத் தூக்கி இப்படியும் அப்படியும் சாய்த்தால் கருஞ்சிவப்பு தானாகவே நரம்புபோல் ஓடும். அது ஓடும் வழியைத் திருத்தப் போகாமல் இருப்பதுதான் இப்பூவில் மிகக் கடினமான வேலை.

மங்கிய ஈரம் வரும்போது, நன்றாகக் கழுவித் துணியில் ஒற்றிய தூரிகையின் முனையால் தொண்டையிலிருந்து விளிம்பு வரை இரண்டு மூன்று கோடுகள் இழுத்தால், அங்கே வண்ணம் உறிஞ்சப்பட்டு வெளிர் நரம்புகள் தோன்றும். தூரிகையில் சொட்டு நீர்கூட இருக்கக் கூடாது. முழுவதும் உலர்ந்தபின், அடியில் இருக்கும் ஓரிரு இதழ்களுக்கு மட்டும், மேலிதழின் ஓரத்தை ஒட்டி ஒரு நிழற்படலம் கொடுத்து, அதன் மறு ஓரத்தை ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள். பிறகு மாஸ்கிங் ஃப்ளூயிடை விரலால் உரசி எடுத்து, தண்டுக்கு வெளிர் இளஞ்சிவப்பும், மேல்பாதியில் வெள்ளைக் குவாஷும் (அடியிலுள்ளதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) மஞ்சளும் குழைத்த சிறு புள்ளிகளும், உச்சியில் சூல்முடிகளுக்கு ஐந்து சிவப்புப் புள்ளிகளும் இட்டால் பூ முடிந்தது.

செங்காந்தள்: ஒரே வீச்சில் இரு நிறம்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் தரையை நோக்கித் தலைகவிழ்ந்து பூத்தாலும், அதன் ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி, அடியில் மஞ்சளாகவும் நுனியில் சிவப்பாகவும், ஓரங்கள் நெளிநெளியாகவும் இருக்கும். இதற்குத் தாளை நனைக்கத் தேவையில்லை. 4-ஆம் எண் தூரிகையை முழுக்கப் பால் பத மஞ்சளில் தோய்த்து, முனையை மட்டும் தயிர்ப் பதச் சிவப்பில் தொட்டுக்கொள்ளுங்கள். ரோஸும் மஞ்சளும் கலந்தால் அந்தச் சிவப்பு கிடைக்கும். இதழின் நுனியில் தூரிகை முனையை வைத்து, அடியை நோக்கி இழுத்துக்கொண்டே அழுத்தி, நடுவில் மணிக்கட்டை இடவலமாக லேசாக ஆட்டி, அடியில் தூக்கிவிடுங்கள். முனையில் இருந்த சிவப்பு முதலில் இறங்கி, வரவர மஞ்சள் தலைகாட்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஆரஞ்சு பிறக்கும். பலகையின் மேற்பக்கத்துக்கு அடியில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து உயர்த்தியிருந்தால், சிவப்பு மஞ்சளுக்குள் வழியும் காட்சி இன்னும் இயல்பாக அமையும்.

ஆறு இதழ்களையும் காட்டியே தீரவேண்டும் என்பதில்லை. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நான்கோ ஐந்தோதான் தெரியும். ஒவ்வொன்றும் வேறு நீளத்தில் இருக்கட்டும். மகரந்தத் தாள்கள் பூவின் அடியிலிருந்து நாலாபுறமும் கிடைமட்டமாக விரிந்து நிற்பவை. ரிக்கர் தூரிகையைக் கைப்பிடியின் கடைசியில் பிடித்துக்கொண்டு, மூச்சை விட்டபடி ஒரே இழுப்பில் இழுத்தால் அந்த விறைப்பு வரும். இச்செடியின் இலைகளுடைய நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக மாறும் என்பது ஓவியருக்குக் கிடைத்த பரிசு. அந்தச் சுருளை அட்டையின் வெற்றிடத்துக்குள் நீட்டிவிட்டால், வாழ்த்து எழுதும் இடத்துக்குப் பார்வை தானாகச் சென்றுவிடும். மாதிரிக்குப் பூவைப் பறித்து வந்தால், வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிடுங்கள். செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கு, நச்சுடையது.

ஆவாரம்பூவும் பூளைப்பூவும்: பொங்கலுக்கு

போகியன்று வீட்டு வாசலில் காப்புக் கட்டும் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை ஆகிய மூன்றும் பொங்கல் வாழ்த்துக்குப் பானையையும் கரும்பையும்விடப் புதுமையான கருப்பொருள் என்பது என் எண்ணம். ஆனால் மஞ்சள் பூ கைக்குச் சுலபமாக அடங்காது. மஞ்சள் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் வெளிர் நிறமே என்பதால், வெள்ளைத் தாளில் அது எடுப்பாகத் தெரிவதில்லை; கருமை சேர்த்து ஆழப்படுத்தப் போனால் அழுக்குப் பச்சையாகிவிடும். பூவை விட்டுவிட்டு, பூவைச் சுற்றியுள்ள இடத்தைத் தீட்டுவதே இதற்கு வழி.

முதலில் பூங்கொத்து இருக்கவேண்டிய பகுதி முழுவதையும் நனைத்து, நீர்மோர்ப் பத மஞ்சளை ஒழுங்கற்ற திட்டுகளாகப் பரவவிட்டு, நன்றாக உலரவிடுங்கள். அதன்மேல் ஐந்து இதழ்கள் கொண்ட பூக்கள் மூன்றையோ நான்கையோ பென்சிலால் மெல்லக் குறித்து, பூக்களுக்கு இடைப்பட்ட சந்துகளில் மட்டும் அடர்ந்த பச்சையைப் பால் பதத்தில் நிரப்புங்கள். பச்சையின் வெளி ஓரத்தைத் தூய நீரால் கரைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கும். பச்சை விழுந்த மறுகணமே மஞ்சள் பூக்கள் முன்னே வந்து நிற்கும். மஞ்சளின் நிழலுக்குப் பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து இதழின் அடியில் ஒரு தொடுகை கொடுத்தால் போதும். மகரந்தத்துக்கும் அதே நிறம்தான், தயிர்ப் பதத்தில்.

பூளைப்பூவுக்கு வெள்ளை வண்ணம் தேவையில்லை. ஈரமான நீலச்சாம்பல் படலத்திலிருந்து, மங்கிய ஈரத்தில், ஒற்றிய தூரிகையால் சிறு கதிர்களாக வண்ணத்தை உறிஞ்சி எடுத்தால் அந்தப் பஞ்சுத்தன்மை கிடைத்துவிடும்.

இலைகள்

இலைகளில்தான் பலருடைய அட்டைகள் கெட்டுப்போகின்றன. பூவுக்குக் கொடுத்த அதே கவனத்தை ஒவ்வோர் இலைக்கும் கொடுத்தால், பூவும் இலையும் போட்டி போடும். ஓர் இலைக்கு ஒரு வீச்சு: முனையை வை, அழுத்து, தூக்கு. மஞ்சளும் தாலோ நீலமும் கலந்த பச்சை கண்ணைக் குத்தும் என்பதால், துளி ரோஸ் சேர்த்து அதன் வீறாப்பை அடக்க வேண்டும். பூ இன்னும் ஈரமாக இருக்கும்போது ஓர் இலையாவது அதைத் தொடட்டும். சிவப்பு கொஞ்சம் பச்சைக்குள் கசிந்தால் இரண்டும் ஒரே செடியில் வளர்ந்தவையாகத் தெரியும். மூன்று நிறமிகளுக்கு மேல் ஓரிடத்தில் சேர்ந்தால் சேறுதான் மிஞ்சும்.

பல அட்டைகளை ஒருசேரத் தீட்டுதல்

ஓர் அட்டையை எடுத்து முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது, பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்தாலும், உணர்வோவியத்துக்கு ஏற்ற முறையன்று. ஈரம் பதத்துக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க முடியாமல், நாம் எதையாவது தொட்டுத் திருத்திக் கெடுத்துவிடுவோம். மூன்று அட்டைகளை வரிசையாக ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதல் அட்டையின் இதழ்களை நனைத்து வண்ணம் வைத்துவிட்டு இரண்டாவதற்கும், பின் மூன்றாவதற்கும் செல்லுங்கள். திரும்பி வரும்போது முதல் அட்டை மங்கிய ஈரத்தில் நரம்பு எடுக்கத் தயாராக இருக்கும். உலர்த்த ஹேர் டிரையரைப் பயன்படுத்துவோர் பளபளப்பு முழுவதும் அடங்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். ஈரத்தின்மீது காற்றடித்தால் வண்ணம் ஒதுங்கி, எதிர்பாராத இடத்தில் தேங்கும்.

தேறாத அட்டையைக் குப்பையில் போடாதீர்கள். அதில் ஓர் இதழோ ஒரு கசிவோ நன்றாக அமைந்திருக்கும். அப்பகுதியைச் சிறு செவ்வகமாக வெட்டி, துளையிட்டு நூல் கோத்தால் பரிசுப் பொட்டலத்தில் கட்டும் பெயர் அட்டை ஆகிவிடும்.

எழுத்தும் உறையும்

வாழ்த்தை எழுதுவதற்கு முன் அட்டை முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். டேப்பை வெளிப்பக்கமாகச் சாய்த்து, அவசரமில்லாமல் உரித்துவிட்டு எழுதுங்கள். கோல்ட் பிரஸ் தாளின் சொரசொரப்பில் உலோக நிப் தமிழ் எழுத்துகளின் சுழிகளில் மாட்டிக்கொண்டு மையைத் தெளிக்கும். நீர்புகா மை கொண்ட பிரஷ் பேனாவோ, அதே ரிக்கர் தூரிகையோ சுழிகளில் வழுக்கிச் செல்லும். பூவில் பயன்படுத்திய கருநிறத்தையே எழுத்துக்கும் எடுத்தால் இரண்டும் இணைந்துவிடும். உட்பக்கம் எழுதுவது பால்பாயின்ட் பேனாவாகவே இருந்தாலும் குற்றமில்லை.

தபாலில் அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. நீர்வண்ணம் உலர்ந்தபின்னும் நீரில் கரையும் என்பதால், மழைக்காலத்தில் அட்டையை ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையில் இட்டே தபால் உறைக்குள் வையுங்கள். குவாஷ் புள்ளிகள் உரசாமல் இருக்க மேலே ஒரு பட்டர் பேப்பரை வைக்கலாம். அடுத்தது எடை. 300 ஜிஎஸ்எம் தாளில் செய்த இந்த அளவு அட்டை ஒன்பது கிராமுக்குச் சற்று மேல் வரும். உறையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தாலும் சாதாரணக் கடிதத்துக்கான முதல் 20 கிராம் வரம்புக்குள் பொதுவாக அடங்கிவிடும். ஆனால் அடியட்டையின் மேல் ஓவியத்தை ஒட்டிச் செய்த அட்டை அந்த வரம்பைத் தாண்டக்கூடும் என்பதால், அதைத் தபால் நிலையத்தில் நிறுத்துப் பார்த்துத் தபால்தலை ஒட்டுங்கள்.